மரியதாஸ் சார் விட்டுப்போன வெள்ளைத்தாள்

திருவந்திபுரத்தில் ஆவணி முகூர்த்தம் எப்படி இருக்கும் என்று கடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மாப்பிள்ளை, எந்தப் பக்கம் காது கொடுத்தாலும் ஒரு மேளம். என்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், கைபேசி அடிக்கிறது. எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் சலீம் பாய். "டீச்சர், சார் போயிட்டாரு" என்றார். நான், "எந்த சார்?" என்று கேட்டேன்.

காதில் விழாமல் கேட்கவில்லை. எங்கள் மூன்று தெரு நகரில் வெறுமனே சார் என்று சொன்னால் அது மரியதாஸ் சார் ஒருவர்தான். அந்த மனிதரை இரண்டரை வருஷமாக நான் முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். சலீம் பாய்க்கும் அது தெரியும். "காலையில நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சிடுச்சி. நீங்க வந்துடுங்க" என்றார். அட்சதையைப் போட்டேனா இல்லையா என்று நினைவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு பார்த்தால் உள்ளங்கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

அடக்கத்துக்குப் போனேன். மாலை வாங்கிப் போகவில்லை. கோயில் மணி அடிக்கும்போது எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பதில் சொல்ல வேண்டிய ஆள் பதில் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டால் வேறென்ன வரும்? அவர் மனைவி ஸ்டெல்லா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீங்களா டீச்சர்" என்று மட்டும் சொன்னார். முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம், சாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கேட்டார்கள். நாலு வார்த்தையில் அடங்கவில்லை. எல்லாம் நல்லதாகவும் இல்லை. அவரை அறிந்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன், படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒரு பேரூராட்சி. பெயரை எழுதவில்லை, விசாரணை இன்னும் முடியவில்லை. 2004இல் பேரூராட்சிகளையெல்லாம் சிறப்பு ஊராட்சி என்று மாற்றினார்களே, அப்போதுதான் எங்களுக்கும் கிராமசபை என்று ஒன்று உண்டு என்பதே தெரியவந்தது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். ஒரு பெரிய நோட்டை நீட்டி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நானும் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்துவிட்டேன். அப்போது பின்னாலிருந்து, அரைக்கைச் சட்டையும் பாக்கெட்டில் நீலம் ஒன்று சிவப்பு ஒன்றாக இரண்டு பேனாவுமாக ஒல்லியான ஒரு மனிதர் முன்னால் வந்து, அந்த நோட்டை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினார். "என்னா தீர்மானம் போட்டீங்கன்னு மொதல்ல எழுதுங்க. எழுதிட்டுப் படிச்சிக் காட்டுங்க. அப்புறம் கையெழுத்து" என்று எழுத்தரைப் பார்த்துச் சொன்னார். எழுத்தர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கொடியைப் பார்த்தார்.

கடைசியில் எழுதினார்கள். நாலே நாலு தீர்மானம். பக்கத்தில் பாதி காலியாக இருந்தது. மரியதாஸ் சார் கைப்பையிலிருந்து ஒரு மர ஸ்கேலை எடுத்து, சிவப்புப் பேனாவால் அந்தக் காலி இடத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, கோட்டின் பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தையும் போட்டார். "எழுதாத எடத்த சும்மா வுடக் கூடாது. நாம கெளம்பிப் போனப்புறம் அங்க எது வேணா மொளைக்கும்" என்றார். பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தைந்து வருஷம் வெவ்வேறு நகராட்சிகளில் எழுத்தராகவும் தலைமை எழுத்தராகவும் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் மூன்றாவது தெருவில் புதிதாக வீடு கட்டி வந்திருக்கிறார் என்று வீட்டுக்கு வரும்போது தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருஷத்தில் மறுபடி பேரூராட்சி என்றே ஆக்கிவிட்டார்கள். பேரூராட்சிக்குக் கிராமசபை கிடையாது. எல்லோரும் அப்பாடா என்று இருந்துவிட்டோம். சார்தான் விடவில்லை. சபை போனால் என்ன, மன்றக் கூட்டம் மாசா மாசம் நடக்கிறதே, அதில் பேசத்தான் நமக்கு உரிமை இல்லை, உட்கார்ந்து பார்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றார். அவரும் நானும் சலீம் பாயும் இன்னும் இரண்டு பேரும் போய்ச் சுவர் ஓரமாக நின்றோம். உறுப்பினர்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அஜெண்டாவைப் பிரிக்காமலேயே "ஆல் பாஸ்" என்று சொல்லி எழுந்திருப்பதுதான் அங்கே வழக்கமாம். எங்களைப் பார்த்ததும் பஜ்ஜி தொண்டையில் சிக்கிக்கொண்டது. எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தலைவர் கேட்டார். "சும்மாதான். பாத்துட்டுப் போவலாம்னு" என்றார் சார்.

அடுத்த மாசமும் போனோம், அதற்கடுத்த மாசமும். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது கூட்டத்தில் அஜெண்டாவை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்கள். ஐந்தாவது கூட்டத்தில் எங்களுக்கு ஒரு பெஞ்சு போட்டிருந்தது. ஆறு வருஷமாக எத்தனை மனு கொடுத்தும் தூர்வாராத எங்கள் வாய்க்காலை அந்த வருஷம் ஐப்பசிக்கு முன்பே தூர்வாரினார்கள். நான் துள்ளிக் குதித்தேன். நம் வார்டு கவுன்சிலரை ஒரு பிடி பிடிக்க வேண்டும், இத்தனை நாளாகத் தூங்கியிருக்கிறார் என்று பொரிந்தேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும், உங்களுக்குத் தெரியும். சார் சிரித்துக்கொண்டே சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "அவரு கெட்டவரு இல்ல டீச்சர். நாம பாக்கலன்னு அவருக்குத் தெரியும். அவ்ளோதான்."

இப்படித்தான் எங்கள் குடியிருப்போர் சங்கம் உண்டானது. அவர் தலைவர், நான் செயலாளர். மூன்று தெரு, அறுபது சொச்சம் வீடு. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போவது, சாலை போடும்போது அதன் மதிப்பீட்டு நகலை எப்படிக் கேட்டு வாங்குவது, வீடு கட்டுமுன் வரைபட அனுமதி ஏன் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் சொல்லிக்கொடுத்தார். மனுவைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. "கும்புட்டுட்டு வந்தா அது பிரசாதம். நம்பர் போட்ட ரசீது வாங்கிட்டு வந்தாதான் அது மனு" என்பார். எங்கள் தெருவில் இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ரசீதுக்கென்று ஒரு ஃபைல் இருக்கிறது என்றால் அது அவரால்தான்.

இனிச் சொல்லப்போவதை நான் இதுவரை எங்கும் முழுதாகச் சொன்னதில்லை. மனு என்றால் கையெழுத்து வேண்டும். எங்கள் நகரில் பாதிப் பேர் விடிந்ததும் சிதம்பரத்துக்கும் அண்ணாமலை நகருக்கும் வேலைக்கு ஓடுகிறவர்கள், மீதிப் பேர் கடலூருக்கு. ஒவ்வொரு மனுவுக்கும் அறுபது வீடு ஏறி இறங்குவது என் வேலை. செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். ஒரு தடவை குடிதண்ணீரில் சாக்கடை கலந்து வந்தது. நான் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் திங்கட்கிழமை மனு நாள் போயே போய்விட்டது, அந்த வாரம் நாலாவது வீட்டுப் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்தது. அந்த ஆத்திரத்தில் ஒரு யோசனை சொன்னேன். வெள்ளைத்தாளின் கீழ்ப்பாதியில் எல்லோரிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம், அவசரம் வந்தால் மேலே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று.

யோசனை என்னுடையது. சாருடையது அல்ல. அவர் அன்றைக்கு முகத்தைச் சுளித்தார், வேண்டாம் டீச்சர் என்றார். நான்தான் விடாப்பிடியாக நின்றேன். நம்மை நாமே நம்பாவிட்டால் எப்படி என்று கேட்டேன். அவர் அரை மனதாகச் சம்மதித்து ஒரு நிபந்தனை போட்டார். தாள்கள் அவர் வீட்டு பீரோவில் இருக்க வேண்டும், நாங்கள் இருவரும் சேர்ந்து உட்காராமல் ஒரு தாளையும் எடுக்கக் கூடாது. ஒரே வாரத்தில் நான் எல்லா வீட்டிலும் வாங்கிவிட்டேன். பேங்கில் மேனேஜராக இருந்தவர், பிள்ளைகளுக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்கிறவர், இரண்டு தாசில்தார் அலுவலக ஊழியர்கள், ஒருவர்கூட இது எதற்கு என்று கேட்கவில்லை. "டீச்சரும் சாரும் இருக்காங்க, நமக்கென்னா" என்று போட்டார்கள். எல்லாத் தாளிலும் முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டு வருஷம் அந்தத் தாள்களால் நல்லதுதான் நடந்தது.

எங்கள் நகரின் வரைபடத்தில் பச்சை அடித்த ஓர் இடம் உண்டு. மனை பிரித்தபோது பூங்காவுக்கென்று விட்டுப் பேரூராட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்தது. பூங்கா வரவில்லை, நாங்களே புங்கனும் வேம்பும் வைத்தோம். சாயங்காலம் பிள்ளைகள் விளையாட அதை விட்டால் வேறு இடம் கிடையாது. 2009 கடைசியில் ஒருநாள் அங்கே டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். கேட்டால், கடைகள் கட்டப்போகிறோம், மன்றத்தில் தீர்மானம் ஆகிவிட்டது என்றார்கள். அந்தத் தீர்மானம் வந்த மாசம் எனக்குப் பரீட்சைத்தாள் திருத்தும் வேலை, சலீம் பாய் ஊரில் இல்லை. சார் ஒருவர்தான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். விசேஷமாக ஒன்றுமில்லை என்று வந்து சொல்லவும் சொன்னார்.

ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவர் வீட்டில் அப்போது மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சென்னையில் வேலை போய்த் திரும்பிவந்த மகன் பிரான்சிஸ் குடியிருக்க. மணல் குவியலைத் தாண்டி உள்ளே போய், தகவல் உரிமைச் சட்டத்தில் தீர்மான நகலைக் கேட்டு உடனே எழுத வேண்டும் என்றேன். "நான் பாத்துக்கறேன் டீச்சர். அவசரப்படாதீங்க" என்றார். ஒரு வாரம் கழித்தும் அதே பதில், மூன்று வாரம் கழித்தும் அதே பதில். அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை. பிறகு நானே எழுதிப் போட்டேன், அவர் கற்றுக்கொடுத்த மாதிரியே, இணைப்புகளின் நகலும் வேண்டும் என்று மறக்காமல் சேர்த்து.

பதில் பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தது. ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன், பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு உறையைப் பிரித்தேன். தீர்மானம். அதன் பின்னால் இணைப்பு. "மேற்படி இடத்தில் வணிக வளாகம் அமைக்கக் குடியிருப்போராகிய எங்களுக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை." அதற்குக் கீழே முதல் கையெழுத்து என்னுடையது. அடுத்து சலீம் பாய். அடுத்தடுத்து எங்கள் மூன்று தெருவும். மேலே இருந்த எழுத்தை நான் யாரிடமும் காட்டிக் கேட்க வேண்டியதில்லை, சங்கம் தொடங்கியதிலிருந்து அந்த எழுத்தில்தான் எங்கள் மனுக்கள் எல்லாம் போயிருந்தன. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லோர் கையெழுத்தும் இருந்தது, மேலே எழுதி முடித்ததும் மரியதாஸ் சார் தன் கையெழுத்தைப் போடுவாரே, அது மட்டும் இல்லை. அன்றைக்குப் பின்னம் நடத்தி முடிக்கவில்லை.

அந்தத் தாளோடு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். பார்த்தவுடன் தெரிந்துகொண்டார். நகல் கேட்டால் இணைப்போடு வரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு, இது ஒருநாள் என் கைக்கு வரும் என்று தெரியாமலா இருக்கும்? ஏன் என்று கேட்டேன். "எழுத்து என்னுதுதான் டீச்சர்" என்றார். ஏன் என்று இரண்டாவது தடவையும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். மேலே கொத்தனார் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன், அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

சங்கக் கூட்டத்தில் தாளை எல்லோர் முன்னாலும் வைத்தேன். அவர் வரவில்லை, ராஜினாமாக் கடிதம் வந்தது. அதோடு முடியும் என்று நினைத்த நான்தான் மடைச்சி. முதல் கையெழுத்து டீச்சருடையது, வீடு வீடாக வந்து வாங்கியது டீச்சர், டீச்சருக்குத் தெரியாமலா நடந்திருக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். முகத்துக்கு நேராகச் சொன்னவர்களை மன்னித்துவிட்டேன். நான் வருவதைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார்களே, அவர்களை இன்னும் இல்லை. அவர் செய்த துரோகத்தில் பாதி என் தலையில் வந்து விழுந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், டீச்சருக்குத் தெரியாது என்று. சொல்லவில்லை.

தீர்மானத்தை ரத்து செய்யக் கோரிக் கடலூரில் மேலதிகாரியிடம் முறையிட்டோம். விசாரணை முடியும்வரை கட்டக் கூடாது என்று தடை கிடைத்தது. முதல் விசாரணைக்குப் பதினைந்து பேர் போனோம். அதிகாரி நல்ல மாதிரிதான். அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும், "கையெழுத்து உங்களுதுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "அப்புறம் என்னா?" என்றார். பதினைந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. வெள்ளைத்தாளில் போட்டுக் கொடுத்தோம் என்று சொல்ல எல்லோருக்கும் வெட்கம். படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள். மேனேஜர் சுவரைப் பார்த்தார். நான்? நானும்தான் சொல்லவில்லை. கணக்கு டீச்சர் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டாள், ஊரையும் போட வைத்தாள் என்று எப்படிச் சொல்வது? ஏமாற்றிவிட்டார்கள் என்று மட்டும் முணுமுணுத்தேன். எழுதிய ஆள் வந்து சொன்னால் பார்க்கலாம் என்று அதிகாரி தேதி தள்ளிவைத்தார். மரியதாஸ் சாருக்கு நோட்டீஸ் போனது.

அப்புறம் 2011 கடைசியில் தானே புயல். எங்கள் பக்கத்தில் நின்ற மரத்தைவிட விழுந்த மரம் ஜாஸ்தி. புயல் ஓய்ந்த மறுநாள் அரிவாளை எடுத்துக்கொண்டு பூங்கா இடத்துக்குப் போனேன். நாங்கள் வைத்த புங்கன்கள் வேரோடு கிடந்தன. ஒரு மூலையில் உடைந்த சிமெண்ட் ஷீட் துண்டுகளை ஒருவர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். சார். அவர் வீட்டு மாடிக் கூரை பறந்து வந்து அங்கே விழுந்திருந்தது. நான் பாட்டுக்குக் கிளையை வெட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்து கிளையின் மறுமுனையைப் பிடித்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று மரம் வெட்டி ஓரமாக இழுத்துப் போட்டோம்.

"பிரான்சிஸ் மாடி எடுத்தான்ல, அதுக்குப் பிளான் அப்ரூவல் வாங்கல டீச்சர்" என்றார் திடீரென்று. அரிவாளைக் கீழே வைத்தேன். "எனக்குத் தெரியறப்ப செவுரு பாதி ஏறிடுச்சி. இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்துச்சி. மருமவ ஏழு மாசம். பேரூராட்சித் தலைவரு கூப்பிட்டனுப்பி, பார்க் எடத்துக்கு உங்க சங்கத்துலேர்ந்து ஒரு லெட்டர் குடுங்க, நோட்டீஸ் அப்படியே கெடக்கட்டும்னாரு."

எங்களிடம் சொல்லியிருந்தால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து நின்றிருக்க மாட்டோமா என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அதற்கு அவர், "பிளான் இல்லாம ஒரு செங்கல்லு வைக்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நானு. உங்க முன்னாடி எப்படி வந்து நிக்கறது?" என்றார். அவ்வளவுதான் காரணம். பெரிதாக ஏதோ இருக்கும் என்று இரண்டு வருஷம் நான் புழுங்கியதற்கு, ஒரு மாடியும் ஒரு வெட்கமும்தான். ஒன்று சொல்ல வேண்டும், அந்த மாடி கட்டும்போது நாங்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போனோம். சார் வீடாயிற்றே என்று யாரும் அனுமதி எங்கே என்று கேட்கவில்லை. அடுத்த விசாரணைக்கு வந்து இதை அப்படியே சொல்லுங்கள், இடமும் மீளும், என் பெயரும் மீளும் என்றேன். "வரேன் டீச்சர்" என்றார்.

நம்பினேன். பங்குனியில் விசாரணை வந்தது. கடலூர் அலுவலக வாசலில் நின்று, வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் அவர் இறங்குகிறாரா என்று பார்த்தேன். என்னோடு வந்தவர்கள் அன்றைக்கு ஏழு பேர்தான். எங்கள் பெயரைக் கூப்பிட்ட பிறகும் இன்னும் ஒரு பஸ் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நின்றேன். அவர் வரவில்லை. முதல் துரோகத்துக்காவது கட்டாயம் என்று ஒன்று இருந்தது, இதற்கு அதுவும் கிடையாது. கடைசியாக ஒரு வாய்ப்பு என்று ஐப்பசியில் தேதி கொடுத்தார் அதிகாரி. அதற்கு ஒன்றரை மாசம் இருக்கும்போது மரியதாஸ் சார் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து ஸ்டெல்லா அம்மா என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே சார் எப்போதும் வைத்திருக்கும் மர ஸ்கேல், மிச்சமிருந்த வெள்ளைத்தாள்கள் பதினொன்று, கீழ்ப்பாதியில் எங்கள் கையெழுத்துகளோடு. பன்னிரண்டாவதாக ஒரு தாள் தனியாக மடித்திருந்தது. பிரித்தேன். வெள்ளை. அடியில் மரியதாஸ் சாரின் கையெழுத்து மட்டும், முழுப்பெயர். "போன மாசம் எழுதி வச்சாரு. டீச்சர் கையில குடு, அவுங்க என்னா எழுதணுமோ எழுதிக்கட்டும்னாரு" என்றார் ஸ்டெல்லா அம்மா. எழுதி வைத்தாராம்! எழுத வேண்டியதைத் தவிர மற்றதையெல்லாம் செய்து வைத்திருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் எழுதியே சம்பளம் வாங்கிய மனிதருக்கு நாலு வரி எழுதக் கை வரவில்லை. அதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சலீம் பாய்க்குக் காட்டினேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அவரே குடுத்துட்டுப் போயிருக்காரு டீச்சர். எழுதுங்க. எடம் நம்மளுது ஆயிடும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இறந்தவரின் சம்மதம் இருக்கிறது, எழுதப்போவது பொய்யும் இல்லை. பழைய பரீட்சைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் வரைவுகூட எழுதிப் பார்த்தேன். "மேற்படி கடிதம் குடியிருப்போர் அறியாமல் என்னால் எழுதப்பட்டது. செயலாளருக்கும் இதில் தொடர்பில்லை." மூன்று நாள் அந்த இரண்டு வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது வரியில் எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தத் தாளை அதிகாரி கையில் வைத்துக்கொண்டு, இது அவர் எழுதியதுதானே என்று கேட்டால்? மறுபடி ஒரு கையெழுத்து, மேலே மறுபடி வேறொருவர் எழுத்து. அவர் எங்களுக்குச் செய்ததை, அவர் செத்த பிறகு நான் அவருக்குச் செய்ய வேண்டும். சம்மதம் நாங்களும்தான் கொடுத்திருந்தோம்.

பதினொரு தாளையும் எடுத்துக்கொண்டு மறுபடி வீடு வீடாகப் போனேன். ஒவ்வொருவரையும் அவரவர் கையெழுத்தைச் சிவப்பில் அடிக்க வைத்தேன். அடித்து முடித்த கையோடு, ஐப்பசி விசாரணைக்கு வந்து வெற்றுத்தாளில்தான் போட்டேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள் என்று கேட்டேன். சிலர் சரி என்றார்கள். மேனேஜர் பார்க்கலாம் என்றார். ஜன்னலைச் சாத்துகிறவர் வீட்டிலும் கதவைத் தட்டினேன். அந்தம்மா என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார், வருகிறேன் என்று சொல்லவில்லை.

வரத் தயங்குகிறவர்களுக்காக ஒன்று செய்திருக்கிறேன். வெட்கத்தை நானே முதலில் பட்டுவிட்டேன், இதோ பெயரோடு அச்சில் இருக்கிறது. வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டது நான். யோசனை சொன்னதும் நான். முதல் விசாரணையில் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான். ஐப்பசியில் அதிகாரி முன்னால் இதையே சொல்லப்போகிறேன். அன்றைக்குக் காலை முதல் பஸ்ஸுக்கு நிற்பேன். இடம் மீளுமா என்பது எத்தனை பேர் கூட வந்து நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பன்னிரண்டாவது தாளைத்தான். நேற்று அவருடைய மர ஸ்கேலை அதன் மேல் வைத்து, சிவப்புப் பேனாவால் காலி இடத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கோடு கோணாமல் போட மூன்று தடவை ஸ்கேலைச் சரிசெய்ய வேண்டியிருந்தது, கண்ணில் நீர். ஆமாம், அப்போதுதான் வந்தது. கோடு போட்டவர் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது அவர் சொன்ன முறை, போட்டேன். நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட தாள்கள் எல்லாம் ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போய்விட்டன. என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

இனி இதில் யாரும் எதுவும் எழுத முடியாது. கோடு போட்டுவிட்டேன், சார்.